அச்சேறிப்போன பாடத்திட்டம்

தகவல் அறிவியல் என்று புதிதாக ஒரு இளங்கலைப் படிப்பு தொடங்கப் போகிறோம், அதற்குப் பாடத்திட்டம் போடும் பொறுப்பு உங்களுடையது என்று எங்கள் கல்லூரி முதல்வர் என்னிடம் சொன்ன அன்று, விருதுநகருக்குத் திரும்பும் பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன். அது கூட அன்று தெரியவில்லை. எந்தப் பாடத்துக்குப் பிறகு எந்தப் பாடம் வர வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்ததில் ஆமத்தூர் எப்போது கடந்தது என்றே கவனிக்கவில்லை.

அந்த உற்சாகம் மாணவர் சேர்க்கை நாளோடு பாதி வடிந்தது. வந்த பெற்றோர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் பிடிபடவில்லை. மகளோடு நாரணாபுரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வெகு மரியாதையாகக் கேட்டார்.

"தகவல்னா, பஸ் ஸ்டாண்டுல மைக்ல சொல்லுவாகளே, அதா மேடம்? அதுக்கு எதுக்கு மூணு வருசம்?"

உலகத்தில் குவிந்து கிடக்கும் செய்திகளைத் திரட்டுவது, வகைப்படுத்துவது, பத்திரப்படுத்துவது, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அப்பக் கம்ப்யூட்டருதான," என்றார். "ஆமாம்," என்று சொல்லிவிட்டேன். அன்று மாலைக்குள் எல்லோரிடமும் அதையே சொல்லிப் பழகியிருந்தேன்.

முதலாண்டு தமிழும் ஆங்கிலமும் அடிப்படைக் கணினியுமாகப் போய்விட்டது. படிப்பின் சொந்தப் பாடங்கள் இரண்டாம் ஆண்டில்தான் ஆரம்பம். ஆகவே அந்த மே மாதம் பாடக்குழுக் கூட்டம் கூடியது. நான் வகுத்த திட்டத்தில் சிக்கலே கிடையாது. இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்தில் புள்ளியியல். அதைப் படித்து முடித்தபின், டிசம்பரில் தொடங்கும் அடுத்த பருவத்தில் தகவல் தேடல். ஆயிரம் பக்கங்களுக்குள் ஒருவர் தேடுவதை எப்படிக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்துவது என்பதுதான் தகவல் தேடல். அது முழுக்க எண்ணிக்கையும் நிகழ்தகவும். புள்ளியியல் தெரியாமல் அதில் காலை வைக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூட்டத்தில் முதல்வர், கணிதத் துறையிலிருந்து புள்ளியியல் நடத்தும் பேராசிரியர், நான், பிறகு தொழில்துறை சார்பில் ஒருவர். பாடக்குழுவில் தொழிலதிபர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருப்பவரை முதல்வர் பிடித்து வந்திருந்தார். அவருடைய மகள் எங்கள் முதல் அணி மாணவிகளில் ஒருத்தி என்பது கூடுதல் வசதி.

திட்டத்தைப் படித்ததும் புள்ளியியல் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜூன்ல எனக்கு வணிகவியல் ரெண்டு பிரிவு இருக்கு மேடம். நிர்வாகவியல் வேற. உங்க பிள்ளைகளுக்கு எங்கன நேரம் ஒதுக்க? டிசம்பருக்குத் தள்ளிருங்க."

"டிசம்பர்ல தகவல் தேடல் இருக்கே சார். இது முடிஞ்சாத்தான் அதை நடத்த முடியும்."

முதல்வர் முகம் மலர்ந்தது. எந்தச் சிக்கலையும் கேட்ட மாத்திரத்தில் தீர்த்துவிட வேண்டும் அவருக்கு. "அம்புட்டுதான? ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுருவோம். தேடல் ஜூன்ல, புள்ளியியல் டிசம்பர்ல. முடிஞ்சு போச்சு."

"சார், பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை வட்டிக் கணக்குப் போடச் சொல்ற மாதிரி ஆயிரும்."

"நீங்க நடத்துற விதத்துல நடத்துனா எல்லாம் புரியும் மேடம்."

இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். நான் விடவில்லை. எந்த அலகுக்கு எந்த அலகு அடிப்படை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். புள்ளியியல் பேராசிரியர் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்வர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, திங்கக்கெளமை ஒக்காந்து பேசி முடிவு பண்ணுவோம்," என்று எழுந்துவிட்டார்.

அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அச்சக உரிமையாளர் அப்போதுதான் நிமிர்ந்தார். "என்ன பேசுனாலும் வெரசாப் பேசிருங்க. ஆடி பொறந்துட்டா என் மிஷின் நிக்காது, காலண்டர் ஆர்டர் வந்துரும். பாடத்திட்டத்தை நாலு கலர்ல சார்ட்டா நானே போட்டுத் தாரேன். காலேஜுக்கு என் அன்பளிப்பா இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளை வீட்டுலயும் தொங்கட்டும்."

திங்கட்கிழமை நான் என் வாதங்களை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கல்லூரி வாசலில் ஒரு மினி வேன் நின்றது. அதிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்த அன்று மாலையே, இடம் மாற்றிய பட்டியலை முதல்வர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவரும் இருந்த இடைவெளியில் அடித்து முடித்துவிட்டார்.

சார்ட் அழகாக இருந்தது. அதை மறுக்க முடியாது. வழவழப்பான ஆர்ட் பேப்பர். உச்சியில் சரஸ்வதி, ஒரு பக்கம் எங்கள் கல்லூரிக் கட்டடம், மறுபக்கம் கணினி முன்னால் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். நடுவில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நிறத்தில் கட்டம். சிவகாசிக்காரர் கை வைத்தது என்பதற்கு அடையாளமாக மேலும் கீழும் தகரப் பட்டை, மாட்டுவதற்கு வளையம். பச்சைக் கட்டத்தில் தகவல் தேடல். அதற்கு அடுத்த ஆரஞ்சுக் கட்டத்தில் புள்ளியியல்.

ஒரு சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன்.

"சார், இதை நாம இன்னும் முடிவு பண்ணலையே."

"அச்சாயிருச்சே மேடம்."

"அச்சாயிட்டாத் தப்பு சரியாயிருமா சார்?"

"தப்புன்னு யாரு சொன்னா? நீங்க சொல்றீக. புள்ளியியல் சாரு சரிங்கிறாரு. ரெண்டு பேருமே முனைவர் பட்டம் வாங்குனவுக. நான் யாரை நம்ப?" பிறகு தணிந்த குரலில், "அச்சகக்காரரு சொந்தச் செலவுல அடிச்சுக் குடுத்திருக்காரு மேடம். அவருகிட்டப் போயி இது வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது," என்றார்.

எனக்கு வரும் என்று அன்று மதியமே சிவகாசிக்குப் பேருந்து ஏறினேன்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் பேச்சுக் கேட்காத அளவுக்கு இரைச்சல். ராக்கெட் பெட்டிக்கான லேபிள்கள், இன்னும் வெட்டாத பெரிய தாள்களாக ஒரு ஓரம் மலைபோல் கிடந்தன. உரிமையாளர் தன் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

"வாங்க மேடம். என்ன சாப்பிடுறீக, டீயா, கலரா? சார்ட் எப்படி வந்திருக்கு? எழுத்துப் பிழை ஏதும் இருக்கா?"

"எழுத்துல பிழை இல்ல சார். வரிசைலதான்."

விரித்துக் காட்டி விளக்கினேன். அவர் கல்வியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆரஞ்சுக் கட்டத்தின் மீதும் பச்சைக் கட்டத்தின் மீதும் ஒவ்வொரு விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப இது அங்கன போகணும், அது இங்கன வரணும்."

"ஆமா சார்."

"திருப்பி அடிக்க இப்ப வழியில்ல. தீபாவளி லேபிள் லோடு போயிட்டு இருக்கு, மிஷினை நிறுத்துனா கம்பெனிக்காரக என்னை உண்டு இல்லன்னு ஆக்கிருவாக. ஒண்ணு செய்வோம். ஸ்டிக்கர் அடிச்சுத் தாரேன். வெடிப் பெட்டில வெலை மாறுனா நாங்க என்ன செய்யோம்? மேல ஸ்டிக்கர்தான். அதே கலர், அதே எழுத்து. ஒட்டுனது தெரியாது."

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கலர் சோடாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சொன்னபடியே அந்த வாரக் கடைசியில் ஸ்டிக்கர்களை மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கல்லூரி திறந்த புதிது. மாணவிகள் நாலைந்து பேர் கருத்தரங்கக் கூடத்தில் தரையில் சார்ட்டுகளைப் பரப்பி, சிரித்துப் பேசிக்கொண்டே ஒட்ட ஆரம்பித்தார்கள். பாதிக் கட்டு முடிந்திருக்கும். முதல்வர் உள்ளே வந்தார். ஒரு சார்ட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தர ஆய்வுக் குழு வரப் போகுது மேடம். ஒட்டுப் போட்டதைப் பாத்தா, இவுகளுக்கு ஒரு திட்டமே கெடையாது போலன்னு நெனப்பாக. எடுத்துருங்க."

சிவகாசி ஸ்டிக்கர் லேசில் வராது. உரித்ததில் கட்டங்கள் கிழிந்து வெள்ளையாகப் பல்லிளித்தன. கிழிந்தவற்றைப் பின்பக்க அறைக்கு அனுப்பிவிட்டு, ஒட்டாத கட்டிலிருந்து எடுத்து வகுப்பறைச் சுவர்களில் மாட்டச் சொன்னார் முதல்வர். மாணவிகள் விரல் நுனிகளில் ஒட்டிய பசையைத் துப்பட்டாவில் துடைத்தபடி என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

ஆக, புள்ளியியல் படிக்காத பிள்ளைகளுக்குத் தகவல் தேடல் நடத்தப் போனேன்.

முதல் இரண்டு வாரம் பிரமாதமாகப் போயிற்று. எளிய எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று பட்டாசு விலைப்பட்டியல்களைக் கொண்டு போனேன். அவற்றுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் பஞ்சமில்லை, ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள். இந்தப் பட்டியல்களுக்குள் ஒருவர் எதையோ தேடுகிறார். 'வெடி' என்ற சொல்லை வைத்துத் தேடினால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். எல்லாமே கிடைக்கும் மேடம் என்றார்கள். 'சாட்டை' என்ற பட்டாசைத் தேடினால்? சில பட்டியல்களில்தான் இருக்கும். ஆனைக்குட்டத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"அப்ப எல்லாத்துலயும் இருக்கிற வார்த்தையால பிரயோசனம் இல்ல. எதுலயாவது ஒண்ணுல இருக்கிறதுக்குத்தான் மதிப்பு."

எந்தச் சூத்திரமும் தெரியாமல் அந்தப் பெண் சூத்திரத்தின் வாசலுக்கு வந்து நின்றாள். "எம்புட்டு மதிப்பு? அதை எப்படி அளக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே உற்சாகத்தில் பலகையில் சூத்திரத்தை எழுதினேன். அதில் ஒரு லாக், அதாவது மடக்கை, வந்தது.

பெரும்பாலானவர்கள் பள்ளியில் வணிகவியல் படித்துவிட்டு வந்தவர்கள். பின் வரிசையில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"லாக்னா பூட்டா மேடம்?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் முதல் தகவல் தேடலை நிறுத்திவிட்டேன். மடக்கை, சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு என்று அடியிலிருந்து ஆரம்பித்தேன். மாலையில் கூடுதல் வகுப்பு வைக்கலாம் என்றால் கல்லூரிப் பேருந்து காத்திருக்காது. பெரும்பாலோர் வீட்டில் அம்மா பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போய்த் திரும்புவதற்குள் இவர்கள் போய் உலை வைக்க வேண்டும். ஆகவே தகவல் தேடலுக்கென இருந்த நேரத்திலேயே இரண்டு பாடத்தையும் நடத்தினேன். தொண்டை கட்டிப் போனது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கூட, எந்த அலகை எந்த வாரத்துக்குள் முடிப்பது என்ற கணக்கே ஓடியது. கணவர் ஏதாவது கேட்டால் சுள்ளென்று விழுந்தேன். புள்ளியியல் பேராசிரியரை வராந்தாவில் பார்த்தால் எனக்குள் ஏதோ கொதிக்கும். அவர், "சாப்பிட்டீகளா மேடம்?" என்று விசாரித்துவிட்டு வணிகவியல் வகுப்புக்குப் போவார்.

ஒருநாள் அச்சக உரிமையாளரின் மகள் தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தாள்.

"மேடம், அப்பா கேக்கச் சொன்னாக. சார்ட்டுல இப்பத் தகவல் தேடல்னு போட்டிருக்கு. நீங்க நிகழ்தகவு நடத்துறீகளாமே, ஏன்னு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"சார்ட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காக மேடம். நான் வீட்டுக்குப் போனதும் அதைக் காட்டி, இன்னைக்கு எதுவரைக்கும் நடந்துச்சுன்னு கேக்காக."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "ஸ்டிக்கர் எதுக்கு அடிச்சீகன்னு அவர்கிட்டயே கேளும்மா."

அவள் முகம் சுருங்கிவிட்டது. தகப்பனுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மேல் எரிந்து விழுந்து என்ன பயன்? கூப்பிட்டு உட்கார வைத்து, காரணத்தை முழுதாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அது எங்களுக்கே தெரியும் மேடம். லாக் வந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு," என்றாள்.

தர ஆய்வுக் குழு செப்டம்பரில் வந்தது. என் வகுப்பறையில் அதன் உறுப்பினர் ஒருவர் சார்ட் முன்னால் வெகுநேரம் நின்றார். இவராவது கேட்பார், தேடல் முன்னாலும் புள்ளியியல் பின்னாலும் ஏன் இருக்கிறது என்று இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி முதல்வரிடம், "அச்சு ரொம்ப நேர்த்தி. நான் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா?" என்றார். முதல்வர் உடனே சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்.

எப்படியோ அக்டோபருக்குள் இரண்டையும் முடித்தேன். கடைசி அலகை ஓட்டமாகத்தான் ஓட்டினேன். பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள், தேறினார்கள்.

டிசம்பரில் புள்ளியியல் பருவம் தொடங்கிய முதல் வாரமே அந்தப் பேராசிரியர் என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், என் பாடத்தை நீங்க நடத்திட்டீகளா?"

"தேவைப்பட்டுச்சு சார்."

"சராசரின்னு பலகைல எழுதுனா, அடுத்தது திட்ட விலக்கம்தான சார்ங்கிறாக. நிகழ்தகவுக்குப் பகடை உருட்டிக் காட்டுனா, பகடை வேண்டாம் சார், ராக்கெட் பெட்டி வச்சுச் சொல்லுங்க, எங்களுக்கு அப்படித்தான் பளக்கம்ங்கிறாக. எதை வச்சு நான் ஏப்ரல் வரைக்கும் ஓட்ட?"

"அதுக்கு மேல இருக்கிறதை நடத்தலாமே சார்."

"சிலபஸ்ல இல்லாததை நடத்த நான் என்ன உங்களை மாதிரியா?"

நேராக முதல்வரிடம் போனார். முதல்வர் என்னை அழைத்தார். "அடுத்தவுக பாடத்துல கை வைக்கலாமா மேடம்?" என்று வருத்தத்தோடு கேட்டார். போன மே மாதம் இதே அறையில் நான் என்ன சொன்னேன் என்று நினைவூட்டினேன். "பளசைக் கிண்டாதீக," என்றார். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அந்தப் பருவம் முழுவதும் பிள்ளைகள் தெரிந்ததையே மறுபடி எழுதிக்கொண்டார்கள். தேர்வில் ஒருவர் பாக்கியில்லாமல் நல்ல மதிப்பெண். கல்லூரி விழாவில், முழுத் தேர்ச்சி காட்டியதற்காகப் புள்ளியியல் பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கை தட்டினேன்.

மே மாதம் மறுபடி பாடக்குழு கூடியது. இந்த முறை நான் வாதம் எதையும் கொண்டு போகவில்லை. சொல்லி அலுத்துவிட்டது. முதல்வர் ஆரம்பிக்கும் முன்பே புள்ளியியல் பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"சார், புள்ளியியலை ஜூனுக்கு மாத்தணும். தேடலை டிசம்பருக்குத் தள்ளுங்க. முதல்ல என் பாடம் வந்துட்டா மேடம் அதுல கை வைக்க முடியாது."

"ஜூன்ல உங்களுக்கு வணிகவியல் இருக்கே?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதை வேற ஒருத்தர் பாத்துக்கிருவாரு. பேசிட்டேன்."

முதல்வர் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. பாடமும் ஒரு வரிசையா வரும்," என்றார். பேராசிரியரின் ஆலோசனையின்படி வரிசை மாற்றப்பட்டது என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். அது என் முன்னால் வந்தபோது கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடமாக எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேனோ அது கால் மணி நேரத்தில் நடந்துவிட்டது. சந்தோஷம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். தலைவலிதான் வந்தது.

கல்லூரி திறந்ததும் புதிய வரிசை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்ட என் முதல் அணிப் பெண்கள் அதைச் சுற்றி நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடந்து போகையில் ஆனைக்குட்டத்துப் பெண் என்னை நிறுத்தினாள்.

"இப்பச் சரியாப் போட்டிருக்காகளே மேடம். அப்ப எங்களுக்கு மட்டும் ஏன்?"

நீங்கள் முதல் அணி என்று சொல்லலாம். ஒருவருக்கு நேரமில்லை, இன்னொருவருக்கு வாய் வரவில்லை என்று சொல்லலாம். எதுவும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் சொல்கிற பதிலாக இல்லை.

"தெரியலைம்மா," என்றேன். "வகுப்புக்கு நேரமாச்சு, வாங்க."

அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்கள்.